காடு காட்டியவருக்குக் கொடுக்கும் காசு: கருணையா? கடனா?



எதிரணித் தலைவர் அடிச்சுச் சொல்லிட்டுப் போனார்: "டிப்ஸ் என்பது கருணைங்க. கொடுத்தா புண்ணியம், கொடுக்காட்டி பாவமில்லை" என்று. ஐயா, நான் தமிழ் வாத்தியார். வள்ளுவரைக் கேட்டுட்டுத்தான் பதில் சொல்வேன். ஈகைக்கு அவர் வைத்தது 23-ஆவது அதிகாரம். செய்ந்நன்றி அறிதலுக்கு 11-ஆவது அதிகாரம். இரண்டும் ஒண்ணுன்னா எதுக்கய்யா இரண்டு அதிகாரம்? இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. உனக்காக உழைத்தவனுக்குக் கொடுப்பது நன்றி. டிப்ஸ் 11-ஆவது அதிகாரம்! அதுவும் ஈகைக்கு முன்னாடியே வந்துடுது. (கைதட்டல்)

கொழுக்குமலையை எடுத்துக்குங்க. தோட்டம் நம்ம தேனி மாவட்டம்; ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியில். விடியறதுக்கு முன்னால, குளிரில், பாறையும் பள்ளமுமான பாதையில் அந்த டிரைவர் நம்மை ஏற்றிக்கொண்டு போகிறார். நமக்குச் சூரியோதயம், அவருக்கு முதுகுவலி! இறங்கும்போது நாம கொடுப்பது பிச்சையா?

தேக்கடிக்குப் போங்க. 1978-இல் புலிகள் காப்பகமான காடு. அங்கே ஒருகாலத்தில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்தவர்கள் இருந்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களையே வழிகாட்டிகளாக, காவலர்களாக மாற்றியது. மரத்தைத் தேடிய கண், இன்றைக்குப் புலித்தடத்தைக் காட்டுகிறது. அப்படி மாறிய மனிதனுக்கு நம் கைக்காசு ஒரு மரியாதை. இல்லையா?

"டிப்ஸ் வந்தா முதலாளி சம்பளத்தைக் குறைச்சிடுவான்" என்றார் என் நண்பர். உண்மை. மறுக்கவில்லை. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து கொடுத்தாக வேண்டிய கூலி, மத்திய அரசுச் சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர்தான். 1991-லிருந்து அது ஏறவே இல்லை. அதற்காக? சம்பளம் முதலாளியின் கடன். நன்றி நம்முடைய கடன். அவன் கடனைக் கட்டலைன்னு நம்ம கடனை நாம் தள்ளுபடி பண்ணலாமா?

ஆப்பிரிக்காவுக்குச் சிங்கம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து முதல் இருபது டாலர் வரை என்று பயண நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்கின்றன. கடைசி நாளில் கொடுக்க வேண்டும். சமைத்தவர், துணி துவைத்தவர், ராத்திரி காவல் இருந்தவர் நம் கண்ணில் படுவதே இல்லை. அவர்களுக்காகத் தங்குமிடத்தில் பொது உண்டியல் இருக்கும். கிளிமஞ்சாரோ மலையில் 20 கிலோ வரை சுமை தூக்கி வருகிறார்களே, அவர்களுக்கான தொகையை எல்லார் முன்னிலையிலும் அறிவிப்பது நல்ல வழக்கம். எதற்கு? நடுவில் எந்தக் கையிலும் ஒட்டாமல் போய்ச் சேர! கிழிந்த நோட்டையும் நம்ம ஊர்ச் சில்லறையையும் நீட்டாதீர்கள். அங்கே மாற்ற முடியாது.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போறீங்க, தெரியுது. ஒரே ஒரு விஷயம்.

2018 மார்ச் 11. இதோ, நம்ம குரங்கணி. காட்டுத்தீயில் 23 உயிர்கள். அன்றைக்கு மலையேறிக் காயம்பட்டவர்களை மீட்கப் போனவர்களில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். எந்த டிப்ஸுக்காக ஐயா போனார்கள்? மலை விளையாட்டுப் பொருள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: "இதுக்கு மேல வேண்டாம் சார்" என்று வழிகாட்டி சொல்லும்போது, ஐந்நூறு ரூபாயை நீட்டி, "யானைகிட்ட இன்னும் கொஞ்சம் போப்பா" என்கிறோமே, அது டிப்ஸ் இல்லை. அவன் உயிருக்கும், நம்ம உயிருக்கும், அந்த யானையின் நிம்மதிக்கும் சேர்த்துப் பேசுகிற விலை!

முன்னால் கொடுத்தால் அது லஞ்சம். மேலிருந்து போட்டால் அது பிச்சை. பத்திரமாகத் திரும்பி வந்த பிறகு, முகம் பார்த்து, கையில் கொடுத்தால் அது நன்றி. நன்றி என்பது கருணை அல்ல, கடனே! கடனே! என்று கூறி அமர்கிறேன்.