ஆறாம் வகுப்பின் முதல் நாள்

(யட்டியாந்தோட்டையில் வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பாடசாலைகளில் புது வருடம் ஆரம்பமாகும் இவ்வேளையில் கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி எம்மைப் பணித்தீர்கள். கல்வியின் பெருமையை எடுத்துரைக்க நாம் வரவில்லை. பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும் பிள்ளைக்குத் தலைவாரி, வெள்ளைச் சட்டை மாட்டி, ரொட்டித் துண்டொன்றைக் கையில் கொடுத்து அனுப்பும் தாய்க்கு அதைப் பற்றி நாம் என்ன சொல்லிவிட முடியும்? ஆகவே வருடம் முழுவதையும் விட்டு, ஒரேயொரு நாளைப் பற்றி மாத்திரம் பேச விரும்புகிறோம். அது ஆறாம் வகுப்பின் முதல் நாள்.

முதலாம் வகுப்பின் முதல் நாள் எப்படி நடைபெறுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். வாசலில் தோரணம் கட்டுகிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பூக்கொத்துடன் நின்று புதிய பிள்ளைகளை வரவேற்கிறார்கள். தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகாமல் கூட வருகிறார்கள். மிகவும் நல்ல வழக்கம். ஆனால் ஆறாம் வகுப்பின் முதல் நாளுக்குத் தோரணமும் இல்லை, வரவேற்பும் இல்லை. தோட்டத்துச் சிறிய பாடசாலையில் ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளை, மலையிலிருந்து இறங்கி, முன்பின் தெரியாத பெரிய பாடசாலை ஒன்றின் வாசலில் தனியே நிற்கிறது. வராமற் போன பிள்ளையையோ எவருமே தேடுவதில்லை. வந்தால்தானே வரவில்லை என்று தெரியும்!

நாம் ஆறாம் வகுப்புக்குப் போன நாள் இன்றும் எமது நினைவில் இருக்கிறது. ஆசிரியர் இடாப்பைத் திறந்து பெயர்களை வாசித்தார். எம்முடன் ஐந்தாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த நண்பனின் பெயரும் வந்தது. பதில் இல்லை. மறுபடி வாசித்தார். பதில் இல்லை. அந்த வாரம் முழுவதும் காலைதோறும் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டது. அடுத்த வாரம் அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. எம்மைவிட நன்றாகக் கணக்குச் செய்தவன் அவன். சில வருடங்களுக்குப் பின் கொழும்பில் ஒரு கடையில் அவனைக் கண்டோம். சாமான் கட்டிக் கொண்டிருந்தான். எம்மைக் கண்டதும் சிரித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக் கொண்டான். அந்தச் சிவப்புக் கோட்டை இழுத்தது யார் என்று நாம் பல நாள் யோசித்ததுண்டு. ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அவர் வராத பிள்ளையின் பெயரை வெட்டினார், அவ்வளவே. அந்தக் கோடு அதற்கு வெகு காலத்துக்கு முன்பே இழுக்கப்பட்டுவிட்டது.

அதன் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1903 ஆம் ஆண்டில் களனிப் பள்ளத்தாக்கு ரயில் நமது யட்டியாந்தோட்டை வரை வந்து சேர்ந்தது. மலையிலே விளைந்த தேயிலையையும் றப்பரையும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்ல அந்தப் பாதை உதவியது. இன்று அந்த ரயில் அவிசாவளையோடு நின்றுவிட்டது. ஆனால் அன்று தேயிலைப் பெட்டி கீழே இறங்குவதற்கு எவ்வளவோ பணம் செலவிட்டு வழி கண்டார்கள். அதே தோட்டங்களின் பிள்ளைகளுக்கு என்ன வழி கண்டார்கள்?

நான்கு வருடங்களின் பின், 1907 ஆம் ஆண்டில், கிராமப் பாடசாலைகள் பற்றிய சட்டம் ஒன்று பிறந்தது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்குவது தோட்டத் துரையின் கடமை என்று அது கூறியது. நல்லதுதான். ஆனால் எந்தப் பிள்ளைகளுக்கு? ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ளவர்களுக்கு. பத்து வயதுக்கு மேல் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று சட்டம் கேட்கவில்லை. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அதற்கு மறைமுகமாகப் பதில் சொல்லிற்று: பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கலாகாது என்றது. அதாவது, பத்து வயது நிறைந்தால் பள்ளி இடாப்பிலிருந்து பெயர் இறங்கலாம், செக்ரோலில் ஏறலாம். சிவப்புக் கோடு இழுக்கப்பட்ட இடம் இதுதான்.

1945 ஆம் ஆண்டில் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்றார்கள். ஏழைக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் உயர்ந்தது அந்த ஏணியால்தான். ஆனால் எமது தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. நாட்டுக்கு நாட்டப்பட்ட ஏணியில் எமக்கு ஐந்து படி மாத்திரமே இருந்தது. 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் வந்த காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னரே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. அதை மறுப்பது நன்றி மறப்பதாகும். 1980 ஆம் ஆண்டு முதல் பாடப் புத்தகங்களும் 1993 ஆம் ஆண்டு முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998 ஆம் ஆண்டில் ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் அது பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. ஆகவே பத்து வயதோடு பிள்ளையை நிறுத்துவது இன்று வெறும் வழக்கக்கேடன்று, சட்டத்துக்கும் மாறானது.

சட்டத்திலே கோடு அழிந்துவிட்டது. மண்ணிலே அழிந்ததா? இன்றும் ஐந்தாம் வகுப்போடு முடியும் சிறிய பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் இருக்கின்றன. அங்கிருந்து ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டுமானால் வேறு பாடசாலை தேட வேண்டும். புதுப் பத்திரங்கள் வேண்டும். நீண்ட தூரம் நடக்க வேண்டும். 1907 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இழுத்த கோடு, இன்று கட்டடத்தின் சுவராக நிற்கிறது. அந்தச் சுவரைத் தாண்டும் நாளே ஆறாம் வகுப்பின் முதல் நாள்.

அந்த நாளில் பிள்ளைகள் தவறிப் போவதற்குக் காரணங்களை நாம் அறியாதவர்கள் அல்லர். முதலாவது, தூரம். பனாவத்தை, கணேபல்ல, ஹல்கொல்ல போன்ற தோட்டங்களின் மேற்கணக்கு லயங்களிலிருந்து பெருந்தெருவுக்கு இறங்குவதற்கே ஒரு பொழுது வேண்டும். தை மாதத்தில் வெயில் இருக்கிறது, பிள்ளை இறங்கிவிடும். வைகாசியில் களனி கங்கை பெருகி, பாதை வழுக்கும்போது என்ன செய்யும்? 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் நமது கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை சரிந்து உயிர்களைக் கொண்டு போனதை எவர் மறப்பார்? அந்த நாள் முதல் மழை இருட்டினால் தாயின் மனம் பிள்ளையை வெளியே விட அஞ்சுகிறது. அந்த அச்சத்தைப் பரிகசிக்க நமக்கு உரிமையில்லை.

இரண்டாவது, பத்திரங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை, அல்லது அதில் பெயர் ஒரு விதமாகவும் பள்ளியில் வேறு விதமாகவும் இருக்கிறது. முந்திய பாடசாலையின் விடுகைப் பத்திரம் இன்னும் எடுக்கவில்லை. கந்தோருக்குப் போக ஒரு நாள் வேலையை விட வேண்டும். போனால் இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள். இப்படியே தை போய் மாசி வந்துவிடுகிறது. பிள்ளை வீட்டில் இருந்து பழகிவிடுகிறது.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். பதினொன்று, பன்னிரண்டு வயது, பெரியபிள்ளையாகும் காலம். வீட்டில் இருக்கும் நாட்கள் முடிந்த பின் திரும்பவும் பள்ளிக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். காட்டுப் பாதையில் தனியே விட மனமில்லை. கைக்குழந்தையைப் பார்க்கவும் ஆள் வேண்டும். யாரும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதாகச் சொல்வதில்லை. நாளைக்குப் போகலாம் என்கிறார்கள். அந்த நாளை வருவதேயில்லை.

நான்காவதாக ஒன்றுண்டு. ஒரே ஆசிரியரிடம் ஐந்து வருடம் படித்த பிள்ளைக்கு, ஆறாம் வகுப்பில் மணி அடிக்கும்தோறும் ஓர் ஆசிரியர் மாறுகிறார். பாடங்கள் பெருகுகின்றன. பக்கத்தில் இருக்கும் பட்டணத்துப் பிள்ளை ஆங்கிலம் வாசிக்கிறது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று எமது பிள்ளை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவு தவறானது. ஆனால் தவறென்று சொல்ல அருகில் ஒருவர் வேண்டும்.

விடுமுறை நீளுமானால் இவையெல்லாம் இரட்டிப்பாகும். கொரோனாக் காலத்தில் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன் விளைவாக 2022 ஆம் ஆண்டின் கல்வியாண்டு ஏப்ரல் மாதத்திலும், அடுத்த ஆண்டினது மார்ச் மாதத்திலும், அதற்கடுத்த ஆண்டினது பெப்ரவரி மாதத்திலுமே தொடங்கின. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. கொப்பிகளின் விலையோ கைக்கெட்டாமற் போயிற்று. ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் இடையில் மாதக்கணக்காகப் பாலமின்றி நின்ற பிள்ளைகள் அவர்கள். அவர்களுள் திரும்பி வராதவர்களின் பெயரை நம்மில் எவரேனும் எழுதி வைத்தோமா?

அன்பர்களே, இந்த இடத்தில் எம்மையும் சேர்த்தே ஒரு குறை கூற விரும்புகிறோம். ஒவ்வொரு வருடமும் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளுக்கு விழா எடுக்கிறோம். மாலை போடுகிறோம், படம் பிடிக்கிறோம், பரிசு கொடுக்கிறோம். அது செய்ய வேண்டியதே. ஆனால் மேடைக்கு மூன்று பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், அதே வகுப்பில் மேடைக்கு வராத இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள். சித்தியடைந்த பிள்ளையைக் கைதூக்கிவிட ஆசிரியர் இருக்கிறார், பெற்றோர் இருக்கிறார்கள், நாமும் இருக்கிறோம். மற்றப் பிள்ளைக்கு நாம் மட்டுமே உண்டு. அந்தப் பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டியது எத்தனை புள்ளி என்பதன்று. தையில் எந்தப் பாடசாலைக்குப் போகிறாய் என்பதே.

ஆகவே நமது சங்க வாலிபர்களிடம் ஒரு சிறு வேலையைக் கேட்கிறோம். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும்.

கார்த்திகை மாதத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு கணக்கிலும், ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் ஓர் இடாப்பில் எழுதுவோம். அது நமது இடாப்பு. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வாலிபர் பொறுப்பு. மூன்றாம் தவணை முடிவதற்குள் விடுகைப் பத்திரம் கையிலிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு உத்தேச வயதுப் பத்திரம் எடுக்கத் தாயோடு கந்தோருக்குப் போவதும் அவர் வேலை. தாய்க்கு ஒரு நாட்கூலி மிஞ்சட்டும். தேவையானால் இரண்டாம் முறை நாமே போவோம்.

பாடசாலை திறக்கும் நாளில் அந்த ஐந்து பிள்ளைகளும் ஒன்றாக இறங்கட்டும். பெண் பிள்ளைகள் கூட்டமாகப் போனால் தாயின் மனம் ஆறும். முதல் வாரம் நாமும் கூட நடப்போம். பஸ் பருவச்சீட்டு எப்படி எடுப்பது, வகுப்பறை எங்கே, அதிபரின் அறை எங்கே என்று காட்டிக் கொடுப்போம். பிறகு பொங்கலன்று ஒரு முறை இடாப்பைத் திறப்போம். சித்திரை வருடப் பிறப்புக்கு முன், முதலாந் தவணை முடியும்போது, இன்னொரு முறை திறப்போம். பதில் இல்லாத பெயர் இருந்தால் அந்த லயத்துக்குப் போவோம். கோபிப்பதற்காகவன்று, என்ன நடந்தது என்று கேட்பதற்காக.

“படித்து என்ன உத்தியோகம் கிடைக்கப் போகிறது?” என்று ஒரு தகப்பன் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உத்தியோகம் நிச்சயம் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது; கொடுக்கவும் கூடாது. ஆனால் ஒன்று சொல்லலாம்: பதினாறு வயதில் ஒரு பிள்ளை எந்த வழி போவதென்று தானே தீர்மானிக்கும். பத்து வயதில் நிறுத்தினால் மற்றவர்கள் தீர்மானிப்பார்கள். நூறு வருடத்துக்கு மேலாக நமக்காக மற்றவர்கள் தீர்மானித்தது போதாதா?

பெரிய திட்டங்களை அரசாங்கம் செய்யட்டும். ஐந்தாம் வகுப்போடு நிற்கும் பாடசாலைகளை உயர்த்தும்படி நாம் கேட்டுக் கொண்டேயிருப்போம். ஆனால் கட்டடம் எழும்பும் வரை பிள்ளையின் வயது காத்திருக்காது. இந்தத் தையில் பத்து வயதான பிள்ளைக்கு அடுத்த தையில் பதினொன்று.

எமது நண்பனின் பெயரை ஆசிரியர் ஒரு வாரம் வாசித்தார். அந்த ஒரு வாரத்தில் எவரேனும் ஒருவர் மலையேறி அவன் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் போதும். அந்த ஒருவர் நாமாக இருந்திருக்கலாம். அப்போது நாம் சிறுவர்கள். இன்று நாம் வாலிபர்கள், சங்கமாகக் கூடியிருக்கிறோம். இனிச் சொல்வதற்குச் சாட்டு ஒன்றுமில்லை.

கூட்டம் முடிந்து போகும்போது, உங்கள் லயத்தில் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் பெயரையேனும் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். புது வருடம் அந்தப் பெயரிலிருந்து ஆரம்பமாகட்டும்.