தெருவுக்குத் தெரிந்த போலீஸ்காரர்

திருச்சி மாநகரில் காவல் ஆணையர் அலுவலகம் அமைந்தது 1997இல். அதன் ஆணையராக 1999இல் பொறுப்பேற்றவர் ஜே.கே. திரிபாதி. ஒடிசாக்காரர், 1985ஆம் ஆண்டுத் தொகுப்பில் தமிழ்நாட்டுப் பிரிவுக்கு வந்த ஐ.பி.எஸ். அதிகாரி. கோவையில் 1998 பிப்ரவரியில் நடந்த தொடர் குண்டுவெடிப்பின் அதிர்ச்சி தமிழகத்தை விட்டு நீங்காத காலம் அது. திருச்சியிலும் மதப் பதற்றம் இருந்தது. போலீஸிடம் வாய் திறக்க மக்கள் தயங்கினார்கள். மக்கள் பேசாத ஊரில் போலீஸுக்குத் தகவல் ஏது?

திரிபாதி கைவைத்த இடம் காவல்துறையின் கடைசிப் படி. நகரத்தைச் சிறு சிறு பீட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நான்கு காவலர்களிடம் ஒப்படைத்தார். அதுவரை கான்ஸ்டபிள் என்றால் பந்தோபஸ்துக்கு நிற்பவர், சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பவர், ஏவியதைச் செய்பவர். இப்போது அவரே பீட் ஆபீஸர். குழாயடிச் சண்டை, குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவன், பெண்களைக் கேலி செய்யும் இளைஞர்கள் என்று எதுவானாலும் ஸ்டேஷன் படியேறும் முன்பே அவரிடம் சொல்லலாம். தன் பகுதியில் முடிவெடுக்கும் அதிகாரம் கிடைத்ததும் அவருக்கு வேலையில் ஒரு பிடிப்பும் வந்தது. இந்தத் திட்டத்தின் உயிர்நாடி இதுதான். மற்றவை இதையொட்டி வந்தவை.

அவற்றுள் ஒன்று புகார்ப் பெட்டி. பெயர் எழுதாமலே மனுவைப் போட்டுவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டில் சாராயம் விற்பவரைப் பற்றி, அவரோடு தினமும் முகம் பார்த்து வாழ வேண்டிய பெண்ணால் வேறு எப்படிச் சொல்ல முடியும்? குற்றவாளிகளின் இருப்பிடம் என்று பெயர் வாங்கிய குடிசைப் பகுதிகளைக் காவல்துறை தத்தெடுத்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவி மையமும் வந்தது. நிர்வாகத் திறனுக்கான பிரதமர் விருது பின்னாளில் இந்தப் பணிக்குக் கிடைத்தது.

அமெரிக்காவில் பெரும்பாலான கவுண்டிகளில் ஷெரீஃபை மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராரோடு பழகாதவர் அடுத்த தேர்தலில் ஜெயிப்பது கடினம். இங்கே ஆணையரை நியமிப்பது அரசு, மாற்றுவதும் அரசு. திரிபாதியும் 2001இல் மாறுதலாகிப் போனார். அதிகாரி போனதும் திட்டம் தேய்வது நம் நிர்வாகத்தின் பழைய வியாதி. காவலரையே நாலு தெருவுக்குப் பொறுப்பாக்கியது அதற்கு ஓரளவு மருந்து.

மக்களையும் போலீஸையும் சேர்க்கத் தமிழகத்தில் இன்னொரு வழியும் இருந்தது. ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 1993இல் தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அது. அதில் பொதுமக்களே தொண்டர்களாகப் போலீஸுக்கு உதவினார்கள். திருச்சி முறையில் பொறுப்பு சீருடைக்காரரிடமே இருந்தது. தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் இல்லை. இந்த வேறுபாடு சிறியதல்ல.

சென்னை ஆணையர் பதவியையும் வகித்த திரிபாதி, 2019இல் மாநிலத்தின் சட்டம் ஒழுங்கு டி.ஜி.பி. ஆனார். மறு ஆண்டு ஜூனில், சாத்தான்குளத்தில் போலீஸார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் இறந்தார்கள். அங்கே தொண்டர்கள்மீதும் குற்றச்சாட்டு எழ, ஜூலையில் அரசு ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்புக்குத் தடை விதித்தது. காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் கொண்டுவர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மக்களோடு பழகும் காவலுக்குப் பெயர் வாங்கியவர் தலைமையில் இருந்தபோதே இது நடந்தது. திரிபாதி 2021 ஜூன் இறுதியில் ஓய்வு பெற்றார்.