அரிது வேறு, தரம் வேறு



2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க்கில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு கைக்கடிகாரம் விலைபோனது. ஒரு கோடியே 77 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 115 கோடி ரூபாய். அதில் தங்கம் இல்லை, வைரம் இல்லை. எஃகுக் கூட்டில் அமைந்த ரோலெக்ஸ் டேடோனா அது. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்தது. அவர் கார்ப் பந்தயத்தில் இறங்கியவர். கவனமாக ஓட்டும்படி பின்மூடியில் எழுத்துப் பொறித்து அவருடைய மனைவி ஜோன் உட்வர்ட் கொடுத்த பரிசு.

அந்தப் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஓடுவது யாருடைய இயந்திரம் தெரியுமா? வால்ஜூ என்ற சுவிஸ் கம்பெனியின் 72ஆம் எண் இயந்திரம். ரோலெக்ஸ் அதை வாங்கி, தன் தேவைக்கேற்பத் திருத்திப் பொருத்தியது. சாவி கொடுத்து ஓட்டுவது. மணி காட்டுவதோடு ஸ்டாப்வாட்சாகவும் வேலை செய்யும் குரோனோகிராஃப் வகை. அதே இயந்திரத்தை வேறு பல கம்பெனிகளும் வாங்கின. ஹாயர் கம்பெனியின் கரேரா வாட்சிலும் அதே வால்ஜூ 72 ஓடியது.

அப்படியானால் 115 கோடி எதற்கு? டயலுக்கும் ஆளுக்கும். எண்களின் எழுத்தும் உள்வட்டங்களின் நிறமும் வழக்கத்துக்கு மாறாக இருந்த அந்த வகை டயலை 1960களில் வாடிக்கையாளர்கள் அதிகம் விரும்பவில்லை. விற்காததால் குறைவாக வந்தது. குறைவாக வந்ததால் பிற்காலத்தில் அரிதானது. ஒரு நடிகரின் கையில் இருந்ததால் புகழ்பெற்றது. இந்தக் கணக்கில் இயந்திரத்தின் பங்கு மிகச் சிறியது.

இன்னொன்று பாருங்கள். ஜெனீவாவின் படேக் பிலிப் நிறுவனம் 1941இல் 1518 என்ற மாடலை வெளியிட்டது. ஸ்டாப்வாட்சும் நிரந்தர நாட்காட்டியும் சேர்ந்த, வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் கைக்கடிகாரம். எந்த மாதத்துக்கு எத்தனை நாள், எந்த ஆண்டு லீப் ஆண்டு என்பதெல்லாம் அதன் பற்சக்கரங்களுக்கே தெரியும். மொத்தம் 281 செய்தார்கள். பெரும்பாலானவை தங்கம்; எஃகில் அறியப்பட்டவை நான்கு. 2016இல் அந்த நான்கில் ஒன்று ஜெனீவாவில் ஒரு கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போனது. தங்கத்தில் செய்தது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். உள்ளே இருக்கும் இயந்திரமோ இரண்டிலும் ஒன்றே. அந்த இயந்திரத்துக்கும் அடித்தளம் வால்ஜூதான். டேடோனாவில் ஓடியதற்கு நெருங்கிய உறவு.

ஆக, அரிது என்பது வேறு, தரம் என்பது வேறு. அரிதை ஏலக்காரர் சொல்லிவிடுவார். தரத்தை நாம்தான் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாவி கொடுக்கும் வாட்சுக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாவி திருகும்போது ஒரு சிறிய உருளைக்குள் ஸ்பிரிங் இறுகுகிறது. அது விரியப் பார்க்கும். தடுக்காவிட்டால் சில நொடிகளில் விரிந்து முடிந்துவிடும். அந்த விசை பற்சக்கரங்கள் வழியே கடைசிச் சக்கரத்துக்கு வருகிறது. அங்கே ஒரு சிறிய நெம்புகோல், மாணிக்கக் கல் பதித்த இரண்டு நுனிகளோடு, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகப் பிடித்துப் பிடித்து விடுகிறது. நாம் கேட்கும் டிக் டிக் ஓசை அதுதான். எப்போது விட வேண்டும் என்று அந்த நெம்புகோலுக்குச் சொல்வது பேலன்ஸ் வீல். முன்னும் பின்னும் ஊசலாடும் அந்தச் சக்கரத்தைத் திருப்பி இழுப்பது ஹேர் ஸ்பிரிங் என்னும் மெல்லிய சுருள். 1675இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் வெளியிட்ட அமைப்பு. இன்று வரை அடிப்படை மாறவில்லை.

பழைய குரோனோகிராஃப்களில் இந்தப் பேலன்ஸ் நொடிக்கு 5 அசைவு, நாளுக்கு 4 லட்சத்து 32 ஆயிரம் அசைவு போடும். ஓர் ஆண்டுக்கு 15 கோடியே 76 லட்சத்துக்கும் மேல். இப்படி ஓடிக்கொண்டே ஒரு நாளின் 86,400 நொடிகளில் நாலைந்து நொடிக்குமேல் பிசகாமல் இருப்பதுதான் நல்ல வாட்சுக்குச் சோதனை. கை மேலே இருந்தால் ஒரு வேகம், தொங்கினால் ஒரு வேகம். வெயிலில் ஒன்று, குளிரில் ஒன்று. சாதாரண எஃகுச் சுருள் வெப்பத்தில் தளர்ந்து வாட்ச் மெதுவாகிவிடும். இதற்கு மாற்று கண்டவர் சார்ல்ஸ் எடுவார் கியோம். சுவிட்சர்லாந்தில் வாட்ச் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். வெப்பத்தால் ஏறக்குறைய மாறாத நிக்கல்-எஃகு உலோகக் கலவைகளைக் கண்டறிந்ததற்காக 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஒரு தலைமுடி கனச் சுருளுக்குப் பின்னால் நோபல் பரிசு அளவுக்கு அறிவியல் இருக்கிறது.

இந்த இயந்திரங்கள் எங்கிருந்து வந்தன? சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், வாலே த ஜூ என்றொரு பள்ளத்தாக்கு. பனிக்காலம் நீண்டது. வயலில் வேலை இல்லாத மாதங்களில் அங்குள்ள குடியானவர்கள் வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து வாட்ச் பாகங்கள் செய்து பழகினார்கள். வால்ஜூ என்ற பெயரே அந்தப் பள்ளத்தாக்கின் பெயர்தான். லெமானியா கம்பெனி, லெகூல்த்ர் கம்பெனி, ஒதெமார் பிகே கம்பெனி எல்லாம் அந்த ஒரே பள்ளத்தாக்கின் அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்தவை. ஜெனீவாவின் பெரிய பெயர்கள் பல தங்கள் இயந்திரங்களின் அடித்தளத்தை இங்கிருந்துதான் வரவழைத்தன.

லெமானியாவில் ஆல்பர்ட் பிகே என்பவர் 1942இல் ஒரு குரோனோகிராஃப் இயந்திரத்தை வடிவமைத்து முடித்தார். அகலம் 27 மில்லிமீட்டர். ஒமேகா கம்பெனி அதற்கு 321 என்று எண் கொடுத்து ஸ்பீட்மாஸ்டர் வாட்சில் வைத்தது. 1965இல் நாசா அதைக் கடும் வெயில், குளிர், அதிர்ச்சி, வெற்றிடம் எனப் பல சோதனைகளில் போட்டுத் தேர்ந்தெடுத்தது. 1969 ஜூலையில் நிலவில் நடந்தபோது பஸ் ஆல்ட்ரின் கையில் இருந்தது இதுதான். ஆம்ஸ்ட்ராங் தன் வாட்சைக் கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார். கலத்தின் மின்னணுக் கடிகாரம் பழுதானதால் அதற்கு மாற்றாக அதை வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அப்போலோ 13 விபத்துக்குள்ளானபோது, பூமிக்குத் திரும்பும் பாதையைச் சரிசெய்ய எஞ்சினை 14 நொடி எரிக்க வேண்டியிருந்தது. அந்த 14 நொடியை அளந்தது ஒமேகாவின் இந்தக் குரோனோகிராஃப்தான்.

அதே இயந்திரத்தின் அடித்தளத்தை எடுத்துக்கொண்டு படேக் பிலிப் 1986 முதல் தன் மிக உயர்ந்த ரக நாட்காட்டி வாட்சுகளைச் செய்தது. வாஷரோன் கான்ஸ்டன்டின் கம்பெனியும் அதை எடுத்துக்கொண்டது. வரைபடம் ஒன்று, வேகம் ஒன்று. ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அந்த விலைக்கு இயந்திரத்தில் என்ன செய்தார்கள்?

ஒமேகாவில் உராய்வைக் குறைக்கும் மாணிக்கக் கற்கள் 17. படேக் 24 ஆக்கியது. ஒமேகாவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு முள் உண்டு. அது அதிர்ச்சியில் நகரக்கூடும். படேக் அதை எடுத்துவிட்டு, பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பிலேயே திருப்பி வைக்கும் நுண்ணிய எடைகளைப் பொருத்தியது. ஒரு முறை சரிசெய்தால் நெடுங்காலம் நிலைக்கும். மூன்றாவது, கைவேலை. பிரிட்ஜ் எனப்படும் ஒவ்வொரு தகட்டின் விளிம்பையும் சாய்வாக அராவி, கண்ணாடி போல மெருகேற்றுவார்கள். விளிம்பு உள்நோக்கி மடங்கும் மூலைகளில் சுழலும் கருவி நுழைந்தால் மூலை வட்டமாகிவிடும். அங்கே கூர்மை வேண்டுமானால் கையால் அராவினால்தான் வரும். பூதக்கண்ணாடி வைத்து அந்த மூலையைப் பார்த்தாலே மனிதன் செய்ததா இயந்திரம் செய்ததா என்று நிபுணர் சொல்லிவிடுவார். ஜெனீவாவில் 1886 முதல் இத்தகைய வேலைப்பாட்டுக்கு முத்திரை குத்துகிறார்கள்.

இதெல்லாம் பின்மூடிக்கு உள்ளே. கட்டியிருப்பவர் கண்ணுக்கே பல காலம் தெரியாது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். அலங்காரத்தில் மறையும் முதுகிலும் முடிச்சும் மடிப்பும் முன்பக்கத்தைப் போலவே வடிக்கப்பட்டிருக்கும். அந்த வகை உழைப்பு இது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விளிம்பின் மெருகால் வாட்ச் கூடுதல் துல்லியமாக ஓடிவிடாது. அச்சு முனைகளின் மெருகு, பற்களின் மெருகு, கற்களின் வழவழப்பு: இவை உராய்வைக் குறைத்து ஆயுளைக் கூட்டும். மற்றவை கலை. ஒமேகா 321 அந்தக் கலை இல்லாமலேயே நிலவுக்குப் போய்வந்தது. எனவே அதைத் தரம் குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

பள்ளத்தாக்கின் மற்றொரு சாதனை லெகூல்த்ர் கம்பெனி 1967இல் கொண்டுவந்த 920ஆம் எண் இயந்திரம். கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். மொத்தத் தடிப்பு 2.45 மில்லிமீட்டர். சுழலும் எடை இத்தனை மெல்லிய இயந்திரத்தில் தொய்ந்து உரசாமல் இருக்க, நான்கு மாணிக்க உருளைகளின் மேல் ஒரு வளையம் தாங்கிச் செல்லும்படி அமைத்தார்கள். 1972இல் ஒதெமார் பிகேயின் ராயல் ஓக், 1976இல் படேக்கின் நாட்டிலஸ், 1977இல் வாஷரோனின் 222: எஃகு வாட்சையும் ஆடம்பரப் பொருளாக்கிய இந்த மூன்றுக்கும் உயிர் கொடுத்தது இந்த ஒன்றே. செய்தவர்கள் தங்கள் பெயரில் ஒரு வாட்சில்கூட அதை வைக்கவில்லை.

இந்தக் கலை அழிந்துபோகவும் பார்த்தது. 1969 டிசம்பர் 25ஆம் தேதி ஜப்பானின் சைக்கோ கம்பெனி மின்கலத்தில் ஓடும் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. மாதத்துக்கு 5 நொடிதான் பிசகும். எந்தச் சாவி வாட்சும் அதனிடம் தோற்கும். சுவிஸ் தொழிற்சாலைகள் வரிசையாக மூடப்பட்டன. ஸெனித் கம்பெனியிடம் நொடிக்கு 10 அசைவு போடும் எல் ப்ரிமேரோ என்ற அருமையான குரோனோகிராஃப் இருந்தது. 1975இல் அதன் அமெரிக்க முதலாளிகள் அந்தத் தயாரிப்பை நிறுத்தி, கருவிகளைக் கழித்துக்கட்டச் சொன்னார்கள். சார்ல்ஸ் வெர்மோ என்ற பட்டறை மேற்பார்வையாளர் கேட்கவில்லை. அச்சுகளையும் வெட்டும் கருவிகளையும் யாருக்கும் தெரியாமல் பரணுக்குக் கொண்டுபோய் ஒளித்து, எது எதற்கு என்று குறிப்பும் எழுதி வைத்தார். 1980களில் சாவி வாட்சுக்கு மறுபடி மதிப்பு வந்தபோது அந்தக் கருவிகளால்தான் உற்பத்தி மீண்டது. 1988இல் ரோலெக்ஸ் தன் டேடோனாவுக்கு வால்ஜூவை விட்டு இந்த எல் ப்ரிமேரோவைத் திருத்தி எடுத்துக்கொண்டது. சொந்த இயந்திரம் டேடோனாவுக்கு 2000ஆம் ஆண்டில்தான் வந்தது.

நேயர்களே, நம் வீடுகளுக்கு வருவோம். பல குடும்பங்களில் தாத்தாவின் எச்எம்டி வாட்ச் பீரோவில் கிடக்கும். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய உற்பத்தி. டயலில் 17 ஜுவல்ஸ் என்று போட்டிருக்கும். நிலவுக்குப் போன ஒமேகாவிலும் 17தான். முக்கியமாக உராயும் இடங்களுக்கு அத்தனை கல் போதும். 1960களில் விளம்பரத்துக்காக 100 கல் வைத்துக்கூட வாட்ச் செய்தார்கள். கல்லின் எண்ணிக்கையைக் கொண்டு தரத்தை முடிவு செய்யாதீர்கள்.

பழைய வாட்ச் வாங்குவதானால், அது எச்எம்டியாக இருந்தாலும் ஒமேகாவாக இருந்தாலும், விலை பேசுமுன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திருகுகளின் காடி நைந்திருந்தால் கைதேராதவர் திறந்திருக்கிறார். துரு இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இயந்திரத்தில் ஒரு பெயர், டயலில் இன்னொரு பெயர் என்றால் அதனால் மட்டும் போலி ஆகிவிடாது. ஆனால் அந்த மாடலுக்கு அந்த இயந்திரம்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பளபளவென்று புது டயல் இருந்தால் சந்தேகப்படுங்கள். மறுவண்ணம் பூசிய டயல்கள் நம் சந்தையில் ஏராளம்.

வீட்டில் இருக்கும் பழைய வாட்சுக்கு டயல் மாற்றாதீர்கள், கூட்டுக்கு மெருகு போடாதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். அப்படியே சாவி கொடுத்து ஓட்டினால் அச்சு தேயும். முதலில் நல்ல கைவேலைக்காரரிடம் கொடுத்துக் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் குறைந்து வருகிறார்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். எழுபது, எண்பது ஆண்டுக்கு முன் செய்த இயந்திரம் இன்னும் ஓடுகிறது என்றால், அதைச் செய்தவருக்கு எவ்வளவு பங்கோ, அவ்வப்போது பிரித்துச் சேர்த்தவருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.