காப்புப் படியும் மீட்டெடுத்தலும்



ஒரு கணிப்பொறிக்குள்ளே பத்துக் கணிப்பொறிகள் இயங்குகின்றன என்று சொன்னால் அது மாயாஜாலக் கதைபோலத் தோன்றலாம். ஆனால் இது கதையன்று. 1960-களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் நிலையத்தார், ஒரு பெரிய கணிப்பொறியைப் பலர்க்கும் தனித்தனிக் கணிப்பொறியாகத் தோன்றுமாறு பகுத்துக் கொடுத்தனர். 1972-இல் அது வி.எம்./370 என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. சாதாரணக் கணிப்பொறிகளுக்கும் அவ்வசதியை 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் கொணர்ந்தது. இவ்வாறு பகுக்கப்பட்ட ஒவ்வொன்றையும் மெய்நிகர் இயந்திரம் என்கிறோம்.

இதற்கு உறவான மற்றொன்று, கன்டெய்னர் எனப்படும் கொள்கலம். 2013-இல் டாக்கர் என்னும் மென்பொருள் வெளிவந்தபின் இது பெரிதும் பரவிற்று. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரே மனையில் தனித்தனிச் சமையலறையும் தனித்தனிக் கிணறும் கொண்ட பல வீடுகளைக் கட்டினால், அவை மெய்நிகர் இயந்திரங்கள். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்து, கிணற்றையும் முற்றத்தையும் பொதுவாக வைத்துக்கொண்டால், அவை கொள்கலங்கள். இங்கே கிணறு என்பது இயக்க முறைமையின் கருவாகிய கெர்னல். பொதுவாயிருப்பதால் கொள்கலத்திற்குச் செலவு குறைவு. நொடியில் எழும், நொடியில் மறையும்.

மெய்நிகர் இயந்திரம் முழுவதும் வட்டில் ஒரு சில கோப்புகளாகவே கிடக்கிறது. ஆகையால் ஒரு முழுக் கணிப்பொறியையே படியெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்னும் பெரும் வசதி பிறந்தது. ஆனால் கோப்பை அழிப்பது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதாக அக்கணிப்பொறியையும் அழித்துவிடலாம்.

இவற்றை ஆள்வோர் பலர் படங்கள் நிறைந்த திரையை விடுத்துக் கட்டளை வரியையே நாடுகின்றனர். திரையில் சுட்டியால் செய்த வேலையை மறுநாள் அவ்வாறே செய்வதற்கு நினைவே துணை. கட்டளையோ எழுத்தில் நிற்பது; பிறரிடம் கொடுக்கலாம்; நள்ளிரவு இரண்டு மணிக்குத் தானே நடைபெறுமாறு கிரான் என்னும் கால ஏவலனிடம் ஒப்படைக்கலாம். ஆஸ்திரியாவின் வியன்னாவில் உருவாகும் பிராக்ஸ்மாக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் இயந்திரங்களை ஆள்வதற்குக் ‘கியூ.எம்.’, கொள்கலங்களை ஆள்வதற்குப் ‘பி.சி.டி.’, இரண்டையும் படியெடுப்பதற்கு ‘வி.இசட்.டம்ப்’ என்று கட்டளைகள் உள்ளன. கட்டளையின் பெயர், இயந்திரத்தின் எண், படியெடுக்கும் முறை, படியை வைக்கும் இடம் ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

வேலை முடிந்தது என்று எண்ணுகிற அந்த இடத்திலேதான் ஆபத்துத் தொடங்குகிறது.

முதலாவது, ஸ்னாப்ஷாட் எடுப்பதையே காப்புப் படி என்று கருதுவது. ஸ்னாப்ஷாட் என்பது ஒரு கணத்தில் வட்டு இருந்த நிலையைக் குறித்துவைக்கும் அடையாளம். ஒரு மாற்றம் பிழையாகப் போனால் பின்னோக்கித் திரும்ப அது மிகவும் உதவும். ஆனால் அது பெரும்பாலும் மூலம் இருக்கும் அதே வட்டிலேயே இருக்கிறது. வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை அப்படியே படியெடுப்பது. கணக்கர் பற்று எழுதி, வரவு எழுதுவதற்குமுன் பேரேட்டைப் படம்பிடித்தால் அக்கணக்கு எப்படி நேராகும்? இயந்திரத்தை முறைப்படி நிறுத்திப் படியெடுத்தால் இத்தொல்லை இல்லை. நிறுத்த இயலாவிடின், உள்ளே ஒரு துணை நிரலை நிறுவி, எழுதுவதைச் சிறிது நேரம் உறையச் செய்து படியெடுக்க வேண்டும்.

மூன்றாவது, கொள்கலத்தைக் காத்துவிட்டுத் தரவைக் காக்காது விடுவது. டாக்கரில் தரவு பொதுவாக வால்யூம் என்னும் தனிக் கிடங்கிலே சேமிக்கப்படுகிறது. ‘டாக்கர் எக்ஸ்போர்ட்’ என்னும் கட்டளை கொள்கலத்தைக் கட்டித்தரும். வால்யூமில் உள்ளதைத் தராது. பெட்டி வந்து சேரும், நகை வாராது.

நான்காவதே யாவற்றினும் கொடியது: எடுத்த படியை ஒருமுறையேனும் மீட்டுப் பாராமை. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோர்க்குப் பணியிடம் அளிக்கும் கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்ததை நோக்குங்கள். இரவு நேரத்தில் ஒரு பொறியாளர், துணைச் சர்வரில் இருக்கிறோம் என்று எண்ணித் தலைமைச் சர்வரில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் தவற்றை உணர்ந்து நிறுத்தினார். எனினும் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் எஞ்சியது 4.5 ஜிகாபைட் மட்டுமே. காப்புப் படியைத் தேடியபோது கிடங்கு வெறுமையாயிருந்தது. தரவுத்தளத்தின் பதிப்பு 9.6, படியெடுக்கும் கருவியோ 9.2. ஆகவே படியெடுப்பு தோல்வியுற்றே வந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு நோக்கத்திற்காக எடுத்து, மற்றொரு சர்வருக்குக் கொண்டுபோன ஸ்னாப்ஷாட் ஒன்றே அவர்களைக் காத்தது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு மீளவில்லை. ஆயினும் நடந்ததை மறைக்காமல் அவர்கள் உலகறிய எழுதி வெளியிட்டதனால், பிறர் யாவரும் பாடம் பெற்றனர்.

படி இருக்கும் இடமும் இன்றியமையாதது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையம் ஒன்று தீக்கிரையாயிற்று. மூலத்தையும் படியையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் இழந்தனர். மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒரு படியேனும் வேற்றிடத்தில் என்று தொழில் வல்லார் வகுத்த விதியின் பொருள் இதுவே.

அப்படியாயின் செய்யத் தக்கவை யாவை? அழிக்கும் கட்டளை எதனையும் எழுதுமுன், ‘ஹோஸ்ட்நேம்’ என்று தட்டி, எந்தச் சர்வரில் நிற்கிறோம் என்பதைக் கேட்டு அறிக. கட்டளை வரி ‘உறுதியாகவா?’ என்று எப்போதும் கேட்பதில்லை; எண் ஒன்று மாறினால் வேறோர் இயந்திரம் போய்விடும். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. சுழி என்றால் வெற்றி, வேறெதுவாயினும் பழுது. அதனை நோக்கி எச்சரிக்கும் வரியையும் சேர்த்தே எழுதுக. தோல்விக்கு மட்டும் செய்தி வருமாறு வைத்தால் அச்செய்தி வழியிலே தொலையலாம். வெற்றிக்கும் செய்தி வரட்டும். ஒருநாள் அது வாராவிடின் ஐயம் எழும்.

மாதம் ஒருமுறையேனும் ‘கியூ.எம்.ரெஸ்டோர்’ கட்டளையால் ஒரு படியை வேறோர் எண்ணில் மீட்டெடுங்கள். வலைப்பின்னல் இணைப்பைத் துண்டித்த பின்னரே அதனைத் தொடக்குங்கள். இல்லையேல் ஒரே முகவரியுடன் இரு இயந்திரங்கள் எழுந்து குழப்பம் விளையும். உள்ளே சென்று, நேற்றைய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மீட்க எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் குறித்துவையுங்கள். இடர் நேரும் நாளில் மேலதிகாரி முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மீட்டுப் பாராத காப்புப் படியும் அத்தகையதே. மருத்துவமனையின் பதிவேட்டையும், சிறு வணிகரின் கணக்கையும், ஆய்வு மாணவரின் பல்லாண்டு உழைப்பையும் தம் பொறுப்பில் வைத்திருப்போர், இன்று இரவு படியெடுக்கும் வரியை எழுதும்போதே, அதனை மீட்டுச் சோதிக்கும் நாளையும் நாட்காட்டியில் குறித்துவைப்பார்களாக.