சும்மா கிடக்கிற இடம்



கார்த்திகை மழை சற்று ஓய்ந்த காலை வேளை. ஆவடியிலிருந்து திருநின்றவூர் பக்கம் போகும் மின்சார ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்தால், வீட்டு மனைகளுக்கு நடுவே மீந்திருக்கும் புல்தரைகள் கண்ணில் படும். “சும்மா கிடக்கிற இடம்” என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

இறங்கிப் போய்க் கால் மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தால்தான், அது சும்மா கிடக்கவில்லை என்பது தெரியும். புல்லின் நிறத்திலேயே இருக்கும் நெட்டைக்காலி, ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கிறது. மேயும் மாடுகளின் காலடியில் மஞ்சள் வாலாட்டி. ஆளைக் கண்டதும் ஆட்காட்டி கத்தி ஊருக்கே சொல்லிவிடுகிறது. தலைக்கு மேலே தகைவிலான் குருவிகள். நெட்டைக்காலியும் ஆட்காட்டியும் நம் ஊர்க்காரர்கள். வாலாட்டியும் தகைவிலானும் வடக்கே குளிர் தொடங்கியதும் வெகுதொலைவிலிருந்து வந்த விருந்தாளிகள். தகைவிலானின் எடை சுமார் 20 கிராம். ஏறக்குறைய ஒரு செபமாலையின் கனம்தான்.

இதே தகைவிலானைப் பற்றி இறைவாக்கினர் எரேமியா பேசுகிறார் (எரே 8:7). வரவேண்டிய காலம் அந்தக் குருவிக்குத் தெரிகிறது. ஆண்டவரின் மக்களுக்கோ அவரது நீதி தெரியவில்லை என்பதே அவரது வேதனை. திருவருகைக் காலத்தின் வாசலில் நிற்கும் நமக்கும் அது பொருந்தும்.

இயேசுவும் மலைப்பொழிவில் பறவைகளைப் பார்க்கச் சொன்னார் (மத் 6:26). கவலைப்பட வேண்டாம் என்றதை நினைவில் வைத்தோம். பார்க்கச் சொன்னதை மறந்துவிட்டோம். விண்ணகத் தந்தை அவற்றுக்கு உணவளிப்பது இப்படிப்பட்ட புல்தரைகளில்தான். அங்கேதான் நாம் வீடு இடித்த கல்லையும், விருந்து முடிந்த எச்சில் இலையையும் கொட்டுகிறோம். நம்மால் அழியும் உயிரினங்கள் இனி தங்கள் இருப்பால் கடவுளை மகிமைப்படுத்த இயலாமற் போகின்றன என்று, 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் வருந்தினார்.

‘சும்மா கிடக்கிற’ என்ற சொல்லை நிலத்துக்கு மட்டுமா சொல்கிறோம்? வேலையிலிருந்து ஓய்ந்த தந்தையை, படுக்கையிலிருக்கும் பாட்டியை அப்படிச் சொன்னதில்லையா? நின்று பார்க்க நேரம் ஒதுக்காதவருக்கு நிலமும் வெறுமைதான், மனிதரும் வெறுமைதான்.

இந்த வாரம் இரண்டு கால் மணி நேரங்களை ஒதுக்குவோம். ஒன்று, பிள்ளைகளோடு ஒரு புல்தரை ஓரத்தில். மற்றொன்று, வீட்டில் பேச ஆளில்லாமல் இருக்கும் மூத்தவர் அருகில். வீட்டு வேலை நடந்தால், இடிபாடுகளைப் புல்தரையில் கொட்ட வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுவோம்.

செபிப்போம்: படைப்பின் ஆண்டவரே, நாங்கள் பயனற்றதென ஒதுக்கிய இடங்களிலும் உம் கைவேலையைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.