நாகையில் விழுந்தது எவர் கோட்டை?

(விளாத்திகுளம் பொதுக்கூட்ட உரையிலிருந்து)



கரிசல் காட்டிலே நின்று கடற்கோட்டைக் கதை பேசுகிறானே என்று எண்ணாதீர்கள். காரணம் இருக்கிறது.

1781 அக்டோபர். நாகைக் கோட்டை டச்சுக்காரன் கையிலே. தரையிலே தளபதி மன்றோ, கடலிலே ஹியூஸ். கப்பலிலிருந்து பீரங்கிகள் இறங்கின, மாலுமிகளும் இறங்கினர். கோட்டைக்குள்ளே ஐதர் அலியின் வீரர்களும் இருந்தனர். முற்றுகையிட்டவரைவிட உள்ளிருந்தவரே மிகுதி! இருந்தும் என்ன? கடல் அடைபட்டது, கரை அடைபட்டது. இருமுறை வெளியே பாய்ந்து பார்த்தனர், பயனில்லை. நவம்பர் 12-இல் சரணாகதி.

மதில்மேல் நின்ற சிப்பாயும் இந்நாட்டான்; மதிலை நோக்கிச் சுட்ட சிப்பாயும் இந்நாட்டான். வெற்றியோ லண்டனுக்கு, தோல்வியோ ஹாலந்துக்கு! செத்தவன் மட்டும் நம்மவன். அவன் பெயரை எழுதத்தான் ஏடு இல்லை!

1783-இல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபோது அங்கே கிடைத்தது என்ன? கொழும்பு டச்சுக்காரருடன் செய்துகொண்ட ஒப்பந்தம்! துரோகம் என்று துள்ளினான் வெள்ளையன். எவனுக்கு எவன் துரோகி? கப்பல் இல்லாத பாளையக்காரர், கப்பல் உள்ளவன் கையைப் பிடித்தார். பிழை என்பேன், குற்றம் என்று கூறமாட்டேன். அந்தக் கையே நாகையிலே முறிந்த கைதானே!

1801-இல் ஊமைத்துரையின் வீரர்கள் தூத்துக்குடியையே கைப்பற்றினர். கரை கிடைத்தது தோழர்களே, கடல் கிடைக்கவில்லை. கும்பினியின் கப்பல்கள் கடலிலே மிதந்தன. தரையிலே பட்டாளம் மேலும் மேலும் வந்தது. மே 24, பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. கோட்டையைத் தரைமட்டமாக்கினான். அந்த மண் இங்கிருந்து நெடுந்தொலைவில்லை.