தங்கம் போயிற்று, தூசி தங்கிற்று

(ஒக்கலிபுரத்தில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் ரயில், ஆயிரக்கணக்கான பேரைக் கூலி வேலைக்காகப் பெங்களூரில் கொண்டுவந்து இறக்குகிறது. அவர்களில் மிகப் பலர் கோலார் தங்கவயல் தொழிலாளியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தங்கம் விளைந்த பூமியில் பிறந்தவன் கூலி தேடி ஏன் இங்கே ஓடி வருகிறான்?

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நிலமற்ற ஏழைகள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், பிழைக்கப் போனார்கள். 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் பாறையை உடைத்தார்கள். சிவசமுத்திரத்து மின்சாரம் 1902-இல் முதலில் போனதும் அந்தச் சுரங்கத்துக்குத்தான். பெங்களூர் தெருவிளக்கு எரிந்தது 1905-இல்! ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போயிற்று. 1956-இல் சுரங்கம் அரசுடைமை ஆயிற்று. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது.

தங்கம் போயிற்று. எது தங்கிற்று? பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்து, மீந்ததைக் குவித்தார்கள். அதுதான் சயனைடு மலை. 13 குவியல்கள், 3 கோடி டன்னுக்கு மேல்! கோடைக் காற்றில் அந்தப் பொடி வீட்டுக்குள் வருகிறது. மழையில் ஏரிக்கும் வயலுக்கும் கரைந்து ஓடுகிறது. கல்தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்தே இல்லை.

இது தங்கவயலின் கதை மட்டுமல்ல. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள ரஷ்ய நகரம் நோரில்ஸ்க்; நிக்கல் சுரங்க ஊர். 2020 மே மாதம் அங்கே எண்ணெய்த் தொட்டி உடைந்து, சுமார் 20,000 டன் டீசல் ஆற்றிலும் மண்ணிலும் பாய்ந்தது. ஆனால், 2021-இல் நீதிமன்றம் 14,600 கோடி ரூபிள் கட்டச் சொன்னது, கம்பெனி கட்டியது. தோழர்களே, சேதத்துக்கும் விலை உண்டு என்று அங்கே எழுதியாயிற்று. நம் மலைக்கு யார் விலை எழுதினார்கள்?

இப்போது அந்தக் குவியல்களிலிருந்தே மறுபடியும் தங்கம் எடுக்கப் போகிறார்களாம். கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேலை நமக்கும் வேண்டும். ஆனால் தூசி பறக்காமல் அடக்கிவிட்டுத் தோண்டு! ஏரித் தண்ணீரைச் சோதித்து, முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் ஊரறிய ஒட்டு! முதிய தொழிலாளியின் நுரையீரலை அரசுச் செலவில் பரிசோதி! சுரங்கக் குடும்பத்துக்கு முதல் வேலை கொடு!

பாட்டன் தங்கத்தைக் கொடுத்தான், பதிலுக்கு இருமலை வாங்கினான். பேரனுக்கும் அதே கணக்கா? கூடாது!